மருமகன் கேட்ட மான்கொம்பு

கல் பவளம் வேண்டும் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: தொட்டியில் தண்ணீர் ஊற்றி எத்தனை மாதம் ஆகிறது? எந்த நிறம் பிடிக்கும், எவ்வளவு செலவழிப்பாய் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. கடலுக்கு வெகு தூரத்தில் இருக்கும் எங்கள் அல்மாத்தி நகரத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் அதிகம் பேர் இல்லை. அந்தச் சிலரில் பாதிப் பேர் இந்தக் கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்லி என்னிடம் திட்டு வாங்கியவர்கள்.

என் தங்கை ரைஹானின் மகன் கைசார், நவம்பரில் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் வந்து நின்றபோதும் அதைத்தான் கேட்டேன்.

"நாலு மாசம் மாமா," என்றான், பூட்ஸைக் கழற்றிக்கொண்டே.

"மீன் எத்தனை?"

"பதினாறு வாங்கினேன். பதினாலு இருக்கு."

"பவளம்?"

"அதுக்குத்தான வந்திருக்கேன். சனிக்கிழமை டாமெலி வீட்டுக்காரங்க வர்றாங்க. அதிராவ்லேருந்து பன்னெண்டு பேரு. புது வீட்டுக்கு மொத தடவை. தொட்டியில வெறும் பாறையும் மீனும் சுத்திக்கிட்டு இருந்தா மாமனாரு என்ன நெனைப்பாரு? குளிக்கிற தொட்டிய எதுக்குடா ஹால்ல வச்சிருக்கேன்னு கேப்பாரு."

டாமெலி அவன் மனைவி; அவள் ஊரான அதிராவ், மீன்முட்டைக்குப் பேர்போன கடலோர ஊர். கல்யாணமாகி ஒரு வருடம். கைசார் லாரி டயர் வியாபாரம் செய்கிறான். மலையடிவாரத்தில் மூன்று மாடி வீடு கட்டி, ஹாலில் ஒரு சுவர் முழுக்கத் தொட்டி வைத்திருந்தான்.

நான் நகரத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பதினோரு வருடமாக இந்தத் தொட்டியை வைத்திருக்கிறேன். அந்தப் பதினோரு வருடத்தில் என் சொந்தக்காரர் ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்டதில்லை. குழாய்த் தண்ணீரில் இருக்கிற உப்பை எல்லாம் எடுத்துவிட்டு மறுபடியும் உப்புப் போடுகிறான் என்று விருந்துகளில் சிரிப்பார்கள். முதல் தடவையாக என் ரத்தத்தில் ஒருவன் பவளம் பற்றிக் கேட்டு வந்திருந்தான். பால் ஊற்றித் தேநீர் போட்டேன். காகிதமும் பேனாவும் எடுத்து வந்தேன்.

"மொதல்ல இது என்னன்னு புரிஞ்சிக்கோ," என்று ஆரம்பித்தேன். "கல்லுனு சொல்றோம், ஆனா கல்லு உயிரில்ல. மேல தோல் மாதிரி படர்ந்திருக்கு பாரு, அதுதான் உயிர். அதுல அரிசி அளவுக்கு ஆயிரக்கணக்கான வாய். தண்ணியில கரைஞ்சிருக்கிற சுண்ணாம்ப எடுத்து, தனக்குக் கீழ தானே கல்லு கட்டிக்கிட்டு, அது மேல ஏறி உக்காந்துக்கும். அப்ப தண்ணியில என்ன ஆகும்?"

"என்ன ஆகும்?"

"சுண்ணாம்பு கொறையும். தெனம் கொறையும். அதை நீ தெனம் அளந்து திரும்பப் போடணும்."

சின்னக் கண்ணாடிக் குப்பியில் தொட்டித் தண்ணீர் எடுத்துத் துளி மருந்து விட்டுக் காட்டினேன். எட்டாவது துளியில் நீலம் மஞ்சளானது. நேற்றும் எட்டு, முந்தாநாளும் எட்டு. அந்த எட்டு ஒருநாள் ஆறாகவும் மறுநாள் பத்தாகவும் ஆனால் பவளம் தோலை உரித்துக்கொண்டு செத்துவிடும். எட்டோ ஒன்பதோ, எண் முக்கியமில்லை. அது நகராமல் நிற்பதுதான் முக்கியம். நாலு மாதத் தொட்டியில் எதுவும் நகராமல் நிற்காது.

"அதனால உனக்குப் பெரிய வாய்ப் பவளம்தான். தண்ணி கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் பொறுத்துக்கும். சின்ன வாய்க்காரன், கெளை கெளையா வளர்றவன், அவனெல்லாம் ஒரு வருஷம் கழிச்சு."

"சரி மாமா. பெரிய வாய். எங்க அம்மா மாதிரி."

இருவரும் சிரித்தோம். அவன் கேட்கிறான் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடைக்குப் போனால் நீல விளக்கை அணைக்கச் சொல்லி வெள்ளை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்றேன். நீலத்தில் எல்லாப் பவளமும் மணப்பெண்தான். அடிப்பக்கம் தோல் கல்லைவிட்டு விலகி வெள்ளைக் கோடு தெரிந்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. பக்கத்துக்குப் பக்கம் வைக்கக் கூடாது. விளக்கணைந்ததும் சில வகை நூல் மாதிரி இழைகளை நீட்டிப் பக்கத்திலிருப்பவனைக் கொட்டிக் கொன்றுவிடும். எது எவ்வளவு தூரம் எட்டும் என்று அவன் தொட்டியைக் காகிதத்தில் வரைந்து, நாலு பவளத்துக்கு இடம் குறித்தேன். அவனும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது என் தொட்டி விளக்கு மங்கத் தொடங்கியது.

"கரண்ட் போகுதா மாமா?"

"இல்லடா. சாயங்காலம்."

அவன் ஜன்னலைப் பார்த்தான். வெளியே வெயில். மணி இரண்டரை.

அங்கேதான் நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் ஒருவன் கேட்கும்போது சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. பாறையின் உச்சியில் இருந்த மான்கொம்புப் பவளத்தைக் காட்டினேன். ஜாவாக் கடலில் வளர்த்த ஒரு துண்டு, நகம் அளவில் என்னிடம் வந்தது. பதினோரு வருடத்தில் பெரிய தர்பூசணி அளவுக்குக் கிளை விரித்திருந்தது. பச்சை உடம்பு, ஒவ்வொரு நுனியிலும் ஊதா.

"இதுக்காகத்தான். மூணு வருஷமா இந்தத் தொட்டியில ஜாவாவோட வருஷத்தை ஓட்டுறேன். அங்க கடல் எப்பக் குளிருதோ அப்ப இங்க ஹீட்டரக் கொறைப்பேன். அங்க எப்ப சூடாகுதோ அப்ப ஏத்துவேன். அதோ அந்தச் சின்ன விளக்கு நிலா. வளரும், தேயும். பௌர்ணமிக்கு அப்புறம் அஞ்சாம் நாள்லேருந்து எட்டாம் நாளுக்குள்ள, இருட்டி மூணு மூணரை மணி நேரத்துல, இது மொத்தமா ஒரே நேரத்துல முட்டை விடும். கடல்ல விடும். தொட்டியில விட்டது உலகத்துலயே கொஞ்சம் எடத்துலதான். நான் ஒம்பது மணிக்கு மாத்திர போட்டுத் தூங்கிடுவேன்ல, அதனால பொழுத ரெண்டரைக்கே சாய வச்சிருக்கேன். ஆறு மணிக்கு விட்டுச்சுன்னா முழிச்சிருந்து பாப்பேன்."

"இந்தக் கல்லு முட்டை விடுமா?"

"நேத்து ஞாயித்துக்கிழம, அதோட நடுவுலேருந்து ஒரு கெளைய ஒடைச்சுப் பாத்தேன். உள்ள இளஞ்சிவப்பா புள்ளி புள்ளியா இருந்துச்சு. அந்த நெறம் வந்துட்டா அந்த நிலாவுக்கே விட்டுடும். நேத்து என் தொட்டிக்குப் பௌர்ணமி. வெள்ளிக்கிழமலேருந்து திங்கக்கிழமக்குள்ள."

"அப்ப இது ரொம்ப அபூர்வமானதுன்னு சொல்லுங்க."

"இந்த நாட்டுலயே வேற இருக்காது."

அவன் எழுந்து தொட்டிக்கு அருகே போனான். நான் வரைந்து கொடுத்த காகிதம் மேஜையிலேயே கிடந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினான். குரல் மாறியிருந்தது.

"மாமா, மூணாவது கேக்குறேன்."

எங்கள் வழக்கத்தில் அக்கா தங்கை பிள்ளை, தாய்மாமனிடம் வாழ்நாளில் மூன்று முறை எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மாமன் மறுக்கக் கூடாது. இப்போதெல்லாம் பலருக்கு அது விருந்தில் சொல்லிச் சிரிக்கிற விஷயம். கைசார் சிரித்ததில்லை. எட்டு வயதில் என் வேட்டை நாயைக் கேட்டு வாங்கிப் போனான். இருபத்து மூன்றில் என் காரை.

"ரெண்டு வாரம் பொறு," என்றேன். "முட்டை விடட்டும். அப்புறம் நானே கொண்டாந்து வச்சுத் தர்றேன்."

"சனிக்கிழம வர்றாங்க மாமா."

"உன் தண்ணியில பொழைக்காதுடா. இவ்வளவு நேரம் என்ன சொன்னேன்?"

"சனிக்கிழம வரைக்கும் பொழைச்சா போதும்."

சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும். "இல்ல, ஆள் வச்சுப் பாத்துக்குவேன்," என்று சேர்த்துக்கொண்டான். மேஜையில் கிடந்த காகிதத்தை மடித்து வைத்தேன். அவன் போய்விட்டான்.

அன்று சாயங்காலமே ரைஹான் போன் செய்தாள்.

"அண்ணா, என் புள்ள கேட்டு இல்லேன்னு சொன்னியாமே."

"இல்லேன்னு சொல்லல. ரெண்டு வாரம்னு சொன்னேன்."

"நாய்க்கு ரெண்டு வாரம் கேட்டியா? காருக்குக் கேட்டியா? ஒரு கல்லு. ஒரு கல்லக் குடுக்க மாட்டேங்குற. சம்பந்தி ஊருக்குள்ள என்ன பேசுவாங்க, தாய்மாமன் வீட்டுலயே இவனுக்கு மதிப்பில்லேன்னு பேச மாட்டாங்களா?"

"பாதி ஒடைச்சுத் தர்றேன். பாதி என்கிட்ட இருக்கட்டும்."

இது நல்ல யோசனை. உடைத்தாலும் உள்ளே இருக்கும் முட்டை எங்கேயும் போகாது. பாதிக் கொம்பும் தன் நாளில் விடும். பவளம் வளர்ப்பவர்கள் எதையும் முழுசாக ஒருவருக்குக் கொடுப்பதே இல்லை. ஒரு விரலாவது உடைத்து வைத்துக்கொள்வோம். ஒரு தொட்டி போனாலும் இன்னொன்றில் இருக்கும்.

"பாதியா?" என்றாள் ரைஹான். "மருமகனுக்குப் பாதி குடுக்குறவன இப்பத்தான் கேள்விப்படுறேன். ஆட்டக் கேட்டா தொடைய வெட்டிக் குடுப்பியா? மருமகன மனசு நோக வச்சா கை நடுங்கும்னு அம்மா சொல்லுவாங்களே, ஞாபகம் இருக்கா? நடுங்குற கைய வச்சுக்கிட்டு நீ எந்தக் குப்பியில துளி விடப்போறேன்னு பாக்குறேன்."

எனக்குக் கோபம் வந்தது. கை நடுங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கோபம் அதனால் அல்ல. பதினோரு வருடம் ஒரு தடவைகூட இதைத் தொட்டிக்கு அருகே வந்து பார்க்காதவள், அது கல் என்று இரண்டு முறை சொல்லிவிட்டாள்.

"வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லு," என்றேன். "முழுசா."

விரல் அளவு உடைத்து வைத்துக்கொண்டிருந்தால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. வேண்டுமென்றே வைத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை உடைத்த கிளையை ஏற்கெனவே முட்டை எண்ணுவதற்காக அமிலத்தில் கரைத்திருந்தேன். முழுசாகக் கேட்டார்கள், முழுசாகப் போகட்டும், செத்துக்கிடப்பதை முழுசாகப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

புதன்கிழமை கைசார் ஆளுடன் வந்தான். அடிப்பாறையோடு பெயர்த்து, தண்ணீர் நிறைந்த வாளியில் இறக்கி, தெர்மகோல் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தேன். வாசலில் பழக்கம் விடவில்லை.

"கொண்டுபோன ஒடனே விளக்கு போடாத. எடம் மாறினா வெளிச்சம் தாங்காது. தொட்டி மேல கனமான போர்வையப் போட்டு மூணு நாள் முழு இருட்டுல வை. சனிக்கிழம ஆளுங்க வந்தப்புறம் எடு."

"சரி மாமா. நீங்களும் வரணும். தாய்மாமன் இல்லாம எப்படி?"

"பாக்குறேன்."

சனிக்கிழமை ரைஹான் மூன்று தடவை போன் செய்தாள். ரத்த அழுத்தம் என்று சொன்னேன். மாத்திரை போட்டேன் என்றேன். தாய்மாமனுக்கு விருந்தில் வைக்கிற இடம் காலியாக இருக்கும், அதைப் பன்னிரண்டு பேர் பார்ப்பார்கள். அது எனக்குத் தேவையாக இருந்தது.

ஆறு மணிக்கு என் தொட்டி முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். உச்சிப் பாறையில், அது ஒட்டியிருந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. மஞ்சள் மீன் ஒன்று, கிளைகளுக்குள் நுழைந்து தூங்கும் பழக்கம் உள்ளது, அந்த இடத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஆறே முக்காலுக்கு போன் அடித்தது. கைசார்.

"மாமா, நீங்க என்னத்தக் குடுத்தீங்க?" பின்னால் பேச்சுச் சத்தம். "எல்லாரும் வந்து நின்னாங்க. டாமெலி அம்மா மிட்டாய் எறிஞ்சு வாழ்த்திப் போர்வைய இழுத்தாங்க, நான் விளக்கப் போட்டேன். கல்லு பூரா கட்டி கட்டியா கொப்புளம். அப்படியே பிச்சுக்கிட்டு மேல வருது. தண்ணி பூரா புழு முட்ட மாதிரி. வீடே மீன் நாத்தம். அந்தம்மா வாய மூடிக்கிட்டு வெளிய போயிட்டாங்க."

நான் எழுந்துவிட்டேன். போர்வை. மூன்று நாள் இருட்டு. வெளிச்சம் இல்லாமலேயே அது தன் நாளையும் மணியையும் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறது.

"எந்த நெறம்? இளஞ்சிவப்பா?"

"நெறத்தக் கேக்குறீங்களா?"

"கைசார், கேளு. அதுதாண்டா அது. நான் சொன்னேன்ல. விளக்க அணை. மோட்டார அணை. யாரையாவது போன்ல படம் எடுக்கச் சொல்லு, இன்னும் கொஞ்ச நேரம் விடும்…"

"எங்க விடும்? எடுத்து வெளிய வச்சாச்சு."

"எங்க?"

"பால்கனியில."

அன்று வெளியே மைனஸ் எட்டு.

டாக்ஸி மலைப்பாதையில் ஏறி அவன் வீடு சேர ஐம்பது நிமிடம் ஆனது. ரைஹான் கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டாள். எல்லோரும் மேஜையில் இருந்தார்கள்; குதிரைக் கறியும் மாவுத் துண்டுகளும் தட்டுகளில் ஆவி பறந்துகொண்டிருந்தன. நான் கோட்டைக் கழற்றாமல் நேராகப் பால்கனிக்குப் போனேன். தண்ணீர் இல்லாத வாளியில் தலைகீழாக வைத்திருந்தார்கள். தோல் மேல் பனி கட்டியிருந்தது. விரலால் தொட்டதும் பச்சை வழுக்கிக்கொண்டு வந்து, உள்ளே வெள்ளை தெரிந்தது. அதற்கு மேல் தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை.

ஹாலில் தொட்டித் தண்ணீர் தெளிவாக இருந்தது. மோட்டார் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டிக்குக் கீழே, அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கிற கருவி உண்டு. அதன் கிண்ணத்தைத் திறந்து பார்த்தேன். இளஞ்சிவப்பு நுரை விளிம்பு வரை நிறைந்திருந்தது.

"உடம்பு முடியலன்னாங்களே," என்று பின்னால் குரல் கேட்டது. டாமெலியின் அப்பா முகம்பெத். கையில் தேநீர்க் கிண்ணத்தோடு வந்து என் பக்கத்தில் குனிந்து பார்த்தார். "இது முட்டைதான? நான் அப்பவே சொன்னேன். அதிராவ்ல பொறந்தவனுக்கு மீன்முட்டை தெரியாதா? இவங்கதான் புழுன்னாங்க."

"நீங்க பாத்தீங்களா, சம்பந்தி?"

"பக்கத்துல நின்னேனே."

"எப்படி இருந்துச்சு? மெதுவா சொல்லுங்க. மொதல்ல என்ன பாத்தீங்க?"

அவர் யோசித்தார். "ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு மணி மாட்டிக்கிட்டு நின்னுது. சின்னதா, கடுகு மாதிரி. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துச்சு. அப்புறம் ஒண்ணு மேல போச்சு. அப்புறம் எல்லாம்."

"கீழேருந்து ஆரம்பிச்சுதா, மேலேருந்தா?"

"அது தெரியல. பொம்பளைங்க கத்தினாங்க, நான் திரும்பிட்டேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கீழேருந்துன்னுதான் நெனைக்கிறேன்," என்றார். பிறகு நுரைக் கிண்ணத்தைக் காட்டி, "உப்புப் போட்டா சாப்பிடலாமா?" என்று கேட்டார். வேடிக்கைக்குத்தான் கேட்டார். நல்ல மனிதர்.

மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். கூப்பிட்டபோதே நான் விருந்துக்கு வந்திருந்தால் அவர் நின்ற இடத்தில் நான் நின்றிருப்பேன். திரும்பியிருக்க மாட்டேன்.

ரைஹான் என் கோட்டை வாங்கி மாட்டினாள். தாய்மாமன் இடத்தில் உட்கார வைத்தார்கள். தட்டு வந்தது. சாப்பிட்டேன். யாரும் பவளத்தைப் பற்றிப் பேசவில்லை. தேநீர் ஊற்றும்போதுதான் கைசார் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். அவனுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க முட்டைன்னு சொன்னீங்க, நான்தான் கவனிக்கல. கோழி முட்டை மாதிரி ஏதோ ஒண்ணு ரெண்டுன்னு நெனைச்சுட்டேன்."

"ம்."

"அந்த எடம் இப்பக் காலியாக் கெடக்கு. அன்னிக்கு நாலு எழுதினீங்களே, அதுல எது நல்லதுன்னு சொல்லுங்க. சும்மா இருக்கிறதா ஒண்ணு. எதுவும் செய்யாம."

நான் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"மூளைப் பவளம்," என்றேன். "உருண்டையா, மடிப்பு மடிப்பா இருக்கும். பெரிய வாய்க்காரன். பாறை மேல வைக்காத, மணல்ல வை. விளக்குக்கு நேர் கீழ வேணாம், ஓரமா. மோட்டார் தண்ணி நேரா அடிக்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு தடவ எறா ஒரு துண்டு."

"முட்டை போடுமா?"

"போடாது," என்றேன்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஏழெட்டு வருடத்தில் அதுவும் போடும். அவன் வீட்டில் போடாது.